வயல் ஒரு தண்டனையா?

படிக்காத மாணவனை அச்சுறுத்துவதற்கு நம் பள்ளிக்கூடங்களில் ஒரு வாக்கியம் உண்டு. "படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய்" என்பது அது. சொல்பவர் அதிகம் யோசிப்பதில்லை. கேட்பவனும் பெரும்பாலும் சிரித்துவிடுகிறான். ஆயினும் இவ்வாக்கியத்தினுள் ஒரு முழுமையான சமூகத் தத்துவம் அடங்கியிருக்கிறது. உழைப்பு தண்டனை, அதிலிருந்து தப்புவதே கல்வி. மாடு மேய்ப்பவரின் மகனுக்கும் வேளாண்மை செய்பவரின் மகளுக்கும் ஆசிரியர்களாகிய நாமே இதைச் சொல்லும்போது, நாம் செய்வது யாது என்பதை இங்கு ஆராய விரும்புகிறோம்.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலோரமாக, எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. ஞாயிறு எழும் கரை, படும் கரை என மக்கள் இட்ட பெயர்கள் இவை. படுவான்கரைச் சிற்றூர்களுள் ஒன்று கொக்கட்டிச்சோலை. ஒரு கோவில், சில கடைகள், சில அலுவலகங்கள். சுற்றிலும் நெல் வட்டைகள். 1987 இலும் 1991 இலும் படுகொலைகளைக் கண்ட பகுதி இது. அதன் பின்னரும் இம்மக்கள் விதைத்தார்கள். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை வாவியைக் கடக்கத் தோணியையும் படகுப் பாதையையும் நம்பியிருந்தார்கள். இன்று நம்மில் பலர் காலையில் அப்பாலத்தைக் கடந்து வந்து மாலையில் திரும்பிவிடுகிறோம். நெல் கிழக்கே போகிறது. பாடப்புத்தகம் மேற்கே வருகிறது. இவற்றுள் எதற்கு மதிப்பு அதிகம் என்பதை எந்தப் பிள்ளைக்கும் தனியே சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் ஆலயத்தைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. கோவிலை இடிக்க வந்த பறங்கியர் தலைவன், "இந்தக் கல் நந்தி புல் தின்னுமா?" என்று எள்ளினானாம். நந்தி எழுந்து புல்லைத் தின்று சாணமும் இட்டதாம். இதை வரலாறு என்று நாம் கொள்வதற்கில்லை. எனினும் இதனைப் படைத்த மனம் கவனிக்கத்தக்கது. தம் தெய்வத்தின் வல்லமையைக் காட்டுவதற்கு இம்மக்கள் வாளேந்திய வீரனை நாடவில்லை. புல் தின்னும் மாட்டை நாடினார்கள். அந்த மாட்டைத்தான் நாம் வகுப்பறையில் வசைச்சொல்லாக்கியிருக்கிறோம்.

வேளாண்மைக்கு அறிவு வேண்டாம் என்பது அறியாதார் கூற்று. மாரி மழையை நம்பி விதைக்கும் பெரும்போகம் ஒன்று. குளத்து நீரின் அளவுக்கே துணியக்கூடிய சிறுபோகம் மற்றொன்று. உன்னிச்சை, நவகிரி முதலான குளங்களில் எவ்வளவு நீர் நிற்கிறது, அது எத்தனை ஏக்கருக்குப் போதும், வாய்க்காலின் கடைசி வயலுக்கு எந்நாளில் சேரும் என்று கணிக்காமல் சிறுபோகம் செய்ய இயலாது. விதைப்புக்கு முன் கூடும் கூட்டத்தில் வாதாடி உடன்பாடு காணவும் வேண்டும். கணிதமும் சட்டமும் குடியாட்சியும் அங்கே பயிலப்படுகின்றன. ஆனால் அவற்றுக்குச் சான்றிதழ் இல்லை.

ஒரு பெரும்போக அறுவடைக் காலத்தில், ஐந்து நாள் வராதிருந்த மாணவன் ஒருவனிடம் நாமும் அவ்வாக்கியத்தைச் சொன்னோம். அவன் சிரிக்கவில்லை. மறுநாள் தகப்பனார் வந்தார். வயலில் நீர் வடியாமல் இயந்திரம் இறங்க முடியாது போனதால், வீட்டார் அனைவரும் கையால் அறுக்க நேர்ந்தது என்றார். கதிரையைக் காட்டினோம், அவர் அமரவில்லை. கோபிப்பார் என எதிர்பார்த்திருந்தோம். அவர் சொன்னதோ வேறு. "நீங்க சொன்னது சரிதான், சேர். எங்களப் போல இவனும் வரப்படா."

கோபித்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்போம். அவர் நம் வசையை ஒப்புக்கொண்டுவிட்டார். தாழ்த்தப்பட்டவர் தம் தாழ்வை நியாயமென்று தாமே ஏற்கும் இடத்தில்தான் அநீதி முழுமை பெறுகிறது.

இந்த ஒப்புதல் தானாகப் பிறந்ததன்று. மட்டக்களப்பு வயல்களில் நெடுங்காலம் நிலம் போடியாருடையது, உழைப்பு முல்லைக்காரருடையது. 1958 இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், குத்தகை உழவருக்குப் பாதுகாப்பும் குத்தகைக்கு ஒரு மேல்வரம்பும் வகுத்தது. சட்டத்தின் பெயரால் காக்கப்பட வேண்டியவர்களே நாட்டின் பல பாகங்களில் வயல்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். 1959 இல் பிலிப் குணவர்தனவும் அமைச்சரவையை விட்டு நீங்கினார். காணியைத் தொட முயன்ற அச்சட்டத்தால் இழிவைத் தொட முடியவில்லை.

அவ்விழிவு மிகப் பழையது. சிறந்த அரசின் குடிமக்கள் உழவராக இருத்தலாகாது, அறம் பயில ஓய்வு வேண்டும் என்றார் அரிஸ்டோட்டில். அந்த ஓய்வை ஈட்டிக்கொடுக்க அடிமைகள் இருந்தனர். இழிவு என்பது வெறும் மரியாதைக் குறைவன்று. ஆள்வோருக்கு அது பயன்படும் கருவி. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, விதைப்பவரைக் கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. உழவர் தெருவில் இறங்கிய பின்னர், அவ்வாண்டு நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. அறிவற்றவன் என்று பள்ளிக்கூடமே அறிவித்துவிட்ட ஒருவனிடம் அரசு ஏன் ஆலோசனை கேட்கப் போகிறது?

அப்படியானால் உழவன் மகன் உழவனாகவே இருக்கட்டும் என்கிறீர்களா என்று வாசகர் வினவலாம். இல்லை. 1953 இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி, பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில் என ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார். அதுவும் உழைப்பைப் போற்றியே பேசிற்று. மக்கள் அதனைக் குலக்கல்வி என்று இனங்கண்டு எதிர்த்தனர்; 1954 இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் செய்தது சரியே. பிறப்பால் விதிக்கப்பட்ட உழைப்பைப் புகழ்வது விலங்குக்குப் பொன்முலாம் பூசுவதாகும். கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் நமக்குக் கிட்டிய இலவசக் கல்வி அவ்விலங்கை அறுக்கவே வந்தது. நம்மில் பலர் அதன் துணையால் வயலிலிருந்து வந்தவர்கள்.

ஆனால் வயலை விட்டுப் போகும் உரிமை வேறு. வயலை இகழக் கற்பது வேறு. முன்னது விடுதலை. பின்னதைக் கற்றவன் நாளை ஓர் அலுவலக மேசைக்குப் பின்னாலிருந்து, தன் தகப்பனைப் போன்ற ஒருவரை நிற்க வைத்துப் பேசுவான். அப்போது அவன் ஒப்புவிப்பது நாம் நடத்திய பாடத்தையே.

திருக்குறளின் உழவு அதிகாரத்தை மனனம் செய்வித்துப் புள்ளியிடும் நாம், முதலில் அந்த ஒரு வாக்கியத்தைக் கைவிடுவோம். குளத்து நீரின் பங்கீட்டைக் கணித வகுப்புக்கும், நெற்காணிச் சட்டத்தின் கதையை வரலாற்று வகுப்புக்கும், சூடடிக்கும் களத்தில் வழங்கிய தனிச்சொற்களைத் தமிழ் வகுப்புக்கும் கொண்டுவருவோம். பெற்றோர் வந்து நின்றால், அவர் அமரும்வரை நாமும் அமராதிருப்போம். இவற்றால் நிலம் பகிரப்படாது, குத்தகை குறையாது. அதற்கு வேறு போராட்டங்கள் வேண்டும். எனினும் அப்போராட்டங்களில் நிற்க வேண்டிய பிள்ளை, தன் தகப்பனை எண்ணி வெட்கப்படாத பிள்ளையாக இருக்க வேண்டும். அதையேனும் பள்ளிக்கூடம் கெடுக்காதிருக்கட்டும்.