மேலிடத்து உத்தரவு சார்!

செஞ்சிக் கோட்டைக்குப் போயிருக்கிறீர்களா? திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் ஏறினால், செஞ்சி ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கோட்டை வந்துவிடும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகள். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் இடம்பிடித்துவிட்டது.

1714-ல் இங்கே நடந்த சண்டையில் மூன்று பேர். மூவருமே ‘என் கடமையைச் செய்தேன்’ என்று சொல்லியிருக்கலாம்.

முதலாமவர் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான். செஞ்சி கட்டவேண்டிய கப்பம் பாக்கி. வசூல் பண்ணுவது அவர் வேலை. படையோடு வந்தார்.

இரண்டாமவர் நம்ம தேசிங்கு ராஜா. அப்பா சொரூப்சிங் இறந்து, கோட்டைப் பொறுப்புக்கு வந்து சில மாதங்கள்தான். வயது இருபத்திரண்டு என்பார்கள். ‘கட்ட முடியாது’ என்றார். சில நூறு குதிரை வீரர்களோடு பெரும்படை மீது பாய்ந்து உயிரை விட்டார்.

மூன்றாமவர் அவருடைய நண்பர் மகபத்கான். கல்யாண மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் போர்க்களத்துக்கு வந்தார் என்கிறது கதைப்பாடல். அவரும் திரும்பவில்லை.

நவாப்பைப் பதவி அனுப்பியது. தேசிங்கை மானம் அனுப்பியது. மகபத்கானை யாருமே அனுப்பவில்லை. போகாமல் இருந்திருந்தால் ஒருத்தரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். கதை கேட்கிறவர்கள் அந்த இடத்தில் கண்கலங்குவதற்குக் காரணம் அதுதான்.

சரி, தேசிங்கு பின்னால் போய்ச் செத்த வீரர்கள்? அவர்கள் எதற்காகச் செத்தார்கள்? மண்ணுக்காகவா, ஒரு இளைஞனின் ரோஷத்துக்காகவா? தலைவன் தன் உயிரைக் கொடுக்கலாம். அடுத்தவன் உயிரையும் சேர்த்து எழுதிக் கொடுக்க அவனுக்கு உரிமை உண்டா? 

‘சிப்பாய் கேள்வி கேட்கக்கூடாது சார், சொன்னதைச் செய்யணும்’ என்பீர்கள். முழுக்கச் சரியில்லை. 1950-ம் வருட ராணுவச் சட்டம், மேலதிகாரியின் கட்டளையை மீறினால் தண்டனை என்கிறது. ஆனால் எந்தக் கட்டளையை? ‘சட்டப்படியான’ கட்டளையை! அந்த ஒரு வார்த்தையில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நூரம்பர்க்கில் விசாரணை நடந்தது. ‘மேலே சொன்னார்கள், செய்தேன்’ என்ற பதில் யாரையும் குற்றத்திலிருந்து விடுவிக்காது என்று 1946-ல் தீர்ப்பானது.

துப்பாக்கி பிடிக்கிறவனிடமே இப்படி எதிர்பார்க்கிறோம். நம்மிடம்?

விவசாயியின் மூட்டையில் இரண்டு கிலோ குறைத்து எழுதச் சொல்கிறார் முதலாளி. எழுதுகிறோம். தகுதியான கிழவியின் பென்ஷன் மனுவை ‘கொஞ்ச நாள் கிடக்கட்டும்’ என்கிறார் அதிகாரி. கிடப்பில் போடுகிறோம். கேட்டால், ‘மேலிடத்து உத்தரவு சார், என் கடமை!’

போர்முனையில் எதிர்த்துப் பேசுகிறவனுக்கு கோர்ட் மார்ஷல் பயம். நமக்கு? அதிகபட்சம் ஒரு டிரான்ஸ்ஃபர், ஒரு இன்க்ரிமென்ட். சிலருக்கு வேலையே போகலாம். அவர்கள் பயம் நியாயமானது. ஆனால் பயத்துக்குப் பயம் என்று பெயர் வையுங்கள். கடமை என்று வைக்காதீர்கள்.

அடுத்த தடவை உத்தரவு வரும்போது ஒரு நிமிஷம் யோசியுங்கள். யாருமே உத்தரவு போடாவிட்டாலும் இதை நான் செய்வேனா? ‘ஆமாம்’ என்றால் அது கடமை.

உத்தரவில் இருப்பது அவர் கையெழுத்து. செய்வது உங்கள் கை.