யாக்கோபின் இடுப்பு



செவ்வாய்க்கிழமை என்பதால் அந்தோணியார் நவநாளுக்கு வந்திருக்கிறீர்கள். ஆனால் இன்று நமக்கு வாய்த்திருக்கும் முதல் வாசகம் ஒரு மனிதனின் இடுப்பைப் பற்றியது. தொடக்கநூல் 32ஆம் அதிகாரம். யாக்கோபு மனைவியரையும் பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் யாபோக்கு ஆற்றின் அக்கரைக்கு அனுப்பிவிட்டு, இக்கரையில் தனியாக இருக்கிறான். 20 வருடத்துக்கு முன் அவன் ஏமாற்றிவிட்டு ஓடிய அண்ணன் ஏசா, 400 ஆட்களோடு எதிரே வந்துகொண்டிருக்கிறான். அந்த இரவில் முகம் தெரியாத ஒருவர் அவனோடு மல்லுக்கட்டுகிறார். விடியப்போகும் நேரத்தில் அவர் யாக்கோபின் தொடைச் சந்தைத் தொட, மூட்டு பிசகிவிடுகிறது. அந்த வலியிலும் அவன் பிடியை விடவில்லை. ஆசி வாங்கிக்கொண்டுதான் விடுகிறான். பொழுது விடிந்ததும் நொண்டி நொண்டி நடக்கிறான்.

மறையுரைகள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். எனக்கு அதற்கு அடுத்த அதிகாரம்தான் பிடிக்கும். அண்ணனைப் பார்த்ததும் யாக்கோபு ஏழு தடவை தரையில் விழுந்து வணங்குகிறான். முந்தின இரவுதான் இடுப்பு பிசகியிருக்கிறது. எந்த பிசியோதெரபிஸ்டும் இதற்குச் சம்மதிக்க மாட்டார். ஏசா ஓடிவந்து கட்டிக்கொள்கிறான், இருவரும் அழுகிறார்கள். பிறகு ஏசா சேர்ந்தே போகலாம் என்று கூப்பிட, யாக்கோபு மறுக்கிறான். பிள்ளைகள் சின்னவர்கள், குட்டிக்குப் பால் கொடுக்கும் ஆடுமாடுகள் இருக்கின்றன, ஒரே நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை செத்துப்போகும் என்கிறான். அண்ணன் முன்னே போகட்டும், தான் இவற்றின் நடைக்குத் தக்கபடி பின்னால் வருவதாகச் சொல்கிறான். (சொன்னபடி அவன் அண்ணனின் ஊரான சேயிருக்குப் போய்ச் சேரவில்லை. இடுப்பு உடைந்தாலும் பழைய யாக்கோபு முழுசாகப் போய்விடவில்லை!) ஆனாலும் பாருங்கள்: பிறக்கும்போதே அண்ணனின் குதிங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தவன், தலைச்சன் உரிமையைக் கூழுக்கு வாங்கியவன், ஆயுள் முழுக்க அடுத்தவரை முந்தப் பார்த்தவன், இடுப்பு போன பிறகு வாய் திறந்து 'நீங்கள் முன்னே போங்கள்' என்கிறான்.

இதை இன்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பங்கில் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். தேதி வாங்கிவிட்டுப் பயந்துகொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். இன்றைய திருப்பலியில் அவர்களுக்கு நோயில்பூசுதல் கொடுக்கப்போகிறேன்.

வீடு சந்திக்க வரும்போது பார்க்கிறேன். செருப்பு மாட்டக் குனிய முடியாது, டவுன் பஸ் படியில் கால் தூக்கி வைக்க முடியாது, இரவில் ஒரு பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. இடுப்பு மூட்டுத் தேய்மானத்தின் வலி தொடை இடுக்கிலும், சில சமயம் முழங்காலிலும் போய்த் தெரியும். அதனால் நோய் ஓரிடத்தில் இருக்க, வருடக்கணக்காக முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். 'டாக்டரிடம் காட்டினீர்களா அம்மா?' என்றால், 'ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துட்டேன் சாமி' என்று பதில் வரும். ஒப்புக்கொடுப்பது நல்லதுதான். ஆனால் அந்தப் பதிலுக்குள்ளே பாதி பயமும், மகனுக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற எண்ணமும்தான் இருக்கின்றன. இன்றைய நற்செய்தியில் இயேசு ஊர் ஊராகப் போய் நோய்களையெல்லாம் குணமாக்குகிறார். தம்மிடம் வந்த நோயாளி ஒருவரையாவது, 'இதை வைத்துக்கொள், உன் ஆன்மாவுக்கு நல்லது' என்று அவர் திருப்பி அனுப்பியதுண்டா? பவுலடியாருக்கு உடலில் முள் இருந்ததே என்பீர்கள். உண்மைதான், ஆனால் அந்தப் பவுலோடு லூக்கா என்ற மருத்துவரும் இருந்தார்.

ஆட்டுக்கல்லின் குழியில் குழவி உட்கார்ந்திருப்பதுபோல, இடுப்பெலும்பின் குழிக்குள் தொடையெலும்பின் தலை உட்கார்ந்து சுழல்கிறது. இடையில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. அது தேய்ந்தால் எலும்போடு எலும்பு உரசும். சிலருக்கு எலும்பின் தலைக்குப் போகும் ரத்த ஓட்டமே நின்று, தலை உளுத்துவிடுகிறது. இது 30, 40 வயதிலும் வரும். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பதும் அளவில்லாமல் குடிப்பதும் அதற்குத் தெரிந்த காரணங்கள். கடைசி பெஞ்சில் நிற்கும் இளைஞர்கள் இதை மட்டும் கேட்டுக்கொண்டால் போதும். வயதானவர்கள் பாத்ரூமில் வழுக்கி விழுந்து எலும்பின் கழுத்து முறிவதும் நிறைய நடக்கிறது.

தேய்ந்ததை எடுத்துவிட்டு வேறு வைக்கலாம் என்று பலர் முயன்றார்கள். அதை நிலைநிறுத்தியவர் ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய மருத்துவர். லங்காஷயரில், முன்பு காசநோயாளிகளுக்காக இருந்த ரைட்டிங்டன் மருத்துவமனையில் வேலை செய்தார். முதலில் குழிக்கு டெஃப்லான் வைத்தார். அது சில வருடங்களிலேயே தேய்ந்துபோனது. நூற்றுக்கணக்கானவர்களுக்கு வைத்த பிறகு இது தெரிந்தால் ஒரு மருத்துவரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! அவர் ஒதுங்கிவிடவில்லை. 1962இல் அடர்த்தியான பாலிஎத்திலீன் குழியும், 22 மில்லிமீட்டர் அளவே உள்ள எஃகுத் தலையும் வைத்தார். அது நின்றது. தாங்கள் இறந்த பிறகு அந்த மூட்டை எடுத்து ஆராயலாம் என்று அவருடைய நோயாளிகள் பலர் சம்மதம் கொடுத்தார்கள். இன்று பெரும்பாலானவர்களுக்குப் புது மூட்டு 15, 20 வருடங்களைத் தாண்டி உழைக்கிறது என்றால், அதற்குப் பின்னால் நமக்குப் பெயர் தெரியாத அந்த மனிதர்களும் இருக்கிறார்கள். ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் முந்தின இரவு செபத்தில் அவர்களையும் ஒரு வார்த்தை நினையுங்கள்.

ஆபரேஷன் தேதி வந்துவிட்டால் வீட்டைத்தான் முதலில் பாருங்கள். தரையில் கிடக்கும் மிதியடி, டிவி ஒயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். குழைந்து உள்வாங்கும் சோபா ஆகாது. கை வைத்த, உயரமான, கெட்டியான நாற்காலி வேண்டும். பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி, உயரமான கமோடு, கட்டில் கீழ்த் தளத்தில். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். சொத்தைப் பல், காலில் ஆறாத புண், சிறுநீர் எரிச்சல் எதுவும் இருந்தால் மறைக்காதீர்கள். உடம்பில் வேறெங்கோ இருக்கும் கிருமி ரத்தம் வழியாகப் புது மூட்டில் போய் உட்கார்ந்தால் அதை விரட்டுவது மிகவும் கஷ்டம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம், எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒப்புரவு அருள்சாதனத்தில் மறைக்காதவர்கள் இதில் மட்டும் மறைப்பது எனக்கு விளங்குவதே இல்லை.

இன்னொன்று. ஆபரேஷனுக்கு முன் சாமியாரைக் கூப்பிட இன்னும் தயங்குகிறார்கள். 'அவஸ்தை பூசினால் ஆள் போய்விடுவார்' என்ற பழைய பயம். பெரிய அறுவை சிகிச்சைக்கு முன் நோயில்பூசுதல் பெறுவது பொருத்தமானது என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலே சொல்கிறது. அன்று காலை தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று மருத்துவமனையில் சொல்லியிருப்பார்கள். அதனால் நற்கருணையை முந்தின நாளே வாங்கிக்கொள்ளுங்கள். போன் செய்தால் கொண்டுவருகிறேன்.

ஆபரேஷன் முடிந்த அன்றோ மறுநாளோ எழுப்பி நிறுத்திவிடுவார்கள். 'இப்பத்தானே அறுத்தாங்க, அதுக்குள்ள நிக்கச் சொல்றாங்களே' என்று வீட்டில் உள்ளவர்கள் சண்டைக்குப் போகாதீர்கள். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும். படுக்கையில் இருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். அதை ஒரு அருள்நிறை மரியேவுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் செபமாலையும் நடக்கும், ரத்த ஓட்டமும் நடக்கும். கெண்டைக்கால் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், செபக்குழுவுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், முதலில் 108க்குப் போன் செய்யுங்கள். புண்ணில் சிவப்போ, நீர்க்கசிவோ, காய்ச்சலோ இருந்தால் அன்றே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்டுங்கள்.

முதல் சில வாரங்கள் பலருக்குச் சம்மணம் கூடாது, குத்தவைக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, முழங்கால் மட்டத்துக்குக் கீழே இடுப்பு இறங்கும்படி உட்காரக் கூடாது. தூங்கும்போது கால்களுக்கு நடுவே தலையணை. எந்தப் பக்கமாக அறுத்தார்கள் என்பதைப் பொறுத்து விதிகள் மாறும். எதிர்வீட்டு அண்ணாச்சிக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. கைத்தடி வந்ததும் எல்லோரும் அதை வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். நல்ல கால் இருக்கும் பக்கத்துக் கையில் பிடித்தால்தான் ஆபரேஷன் செய்த இடுப்பின் பாரம் குறையும். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுத்த கால் முதலில். நல்லது மோட்சத்துக்கு, கெட்டது நரகத்துக்கு என்று நினைவு வைத்துக்கொள்ளும்படி பிசியோதெரபிஸ்டுகள் சொல்லித்தருவார்களாம். அறுத்த காலை நரகத்துக்கு அனுப்ப எனக்கு மனம் இல்லை, ஆனால் படியில் விழாமல் இருக்க உதவுமானால் சரி.

இப்போது நேர்ச்சை விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் 29ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடியேற்றம். கால் சரியானால் நடந்தே வருகிறேன், மணலில் முழந்தாளால் போகிறேன் என்று நேர்ந்துகொண்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஒரு அம்மா என்னிடம் வந்து, 'நடக்கலைன்னா மாதா கோவிச்சுக்குவாங்களா சாமி?' என்று கேட்டு அழுதார். நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமான சிறுவனின் கதை உங்களுக்குத் தெரியும். மாதா அவனை எழுப்பி, நாகப்பட்டினத்துக்குச் செய்தி சொல்ல அனுப்பினார் என்பது மரபு. அவனை நடக்க வைத்த தாய், உங்கள் புது மூட்டைப் பிசகவைத்துக்கொண்டு வரச் சொல்வாரா? நேர்ச்சையை வேறொன்றாக மாற்றித்தரும் அதிகாரத்தைத் திருச்சபைச் சட்டம் பங்குத்தந்தைக்குக் கொடுத்திருக்கிறது. என்னிடம் வாருங்கள். நடைக்குப் பதிலாக, ஆபரேஷன் முடித்து வீட்டில் தனியாகப் படுத்திருக்கும் ஒருவரோடு வாரம் ஒரு மதியம் உட்கார்ந்திருங்கள். சொல்லப்போனால் நடையைவிட இது கடினம்.

திருப்பலியில் முழந்தாளிட முடியவில்லையே என்று கூசுகிறவர்களுக்கும் சொல்கிறேன். உடல்நலம் இடம் கொடுக்காவிட்டால் முழந்தாளிட வேண்டியதில்லை என்பது திருவழிபாட்டு விதியிலேயே இருக்கிறது. புனித இரண்டாம் ஜான் பால் 1994 ஏப்ரல் 28 இரவு குளியலறையில் விழுந்து வலது தொடையெலும்பை முறித்துக்கொண்டார். மறுநாள் ரோமின் ஜெமெல்லி மருத்துவமனையில் அவருக்குச் செயற்கை மூட்டு வைத்தார்கள். நோயாளர் உலக நாளை 1992இல் ஏற்படுத்தியவரே இப்போது நோயாளி. மொலோக்காய் தீவின் தொழுநோயாளர்களோடு வாழ்ந்து இறந்த தாமியானின் முத்திப்பேறு பட்ட விழா அந்த மே மாதம் பெல்ஜியத்தில் நடக்க வேண்டியது. திருத்தந்தையின் இடுப்புக்காக அது 1995 ஜூன் வரை காத்திருந்தது. அதற்கு முன்பே, அந்த ஜனவரியில், கைத்தடியோடு கொழும்புக்கு வந்து யோசேப்பு வாஸ் அடிகளாருக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தார். போகும் நாடுகளில் மண்டியிட்டு மண்ணை முத்தமிடுவது அவர் வழக்கம் அல்லவா? பின்னாளில் குனிய முடியாமல் போனபோது, அந்த நாட்டு மண்ணை ஒரு கலத்தில் எடுத்து அவர் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தார்கள். அவர் நின்றபடியே முத்தமிட்டார்.

நம் கோவிலிலும் அப்படி உயர்த்திப் பிடிக்க வேண்டியவை உண்டு. வாசலில் படிகள் இருக்கின்றன, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை. திருவிழாவுக்கு சீரியல் விளக்குப் போடப் பணம் கிடைக்கிறது. இந்த வருடம் ஒரு வரிசை விளக்கைக் குறைத்துக்கொண்டு, கைப்பிடிக் கம்பியும் சாய்தளமும் போடலாம் என்று பங்குப் பேரவையிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் யோசிப்பதாகச் சொன்னார்கள். யோசித்தது போதும்.

பார்த்துக்கொள்கிறவர்களையும் மறக்கவில்லை. மாமியாரைக் கழிவறைக்குக் கூட்டிப்போய், மருந்து கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அரக்கப்பரக்க ஓடிவரும் மருமகள்களே, நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர நோன்பு நோயாளிக்கு மட்டுமல்ல, அவரைப் பராமரிக்கிற உங்களுக்கும் கட்டாயம் இல்லை. மற்றவர்கள் கவனியுங்கள்: அந்த வீட்டுக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்கப் போகிறவர்கள், ஒரு வேளைச் சாப்பாட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள். உங்களுக்குத் தெரிந்த யாருக்கோ ஆபரேஷன் தோற்ற கதையைச் சொல்லாதீர்கள்.

இப்போது நோயில்பூசுதல். ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர்களும் முடித்து வந்தவர்களும் யாரும் எழுந்து பீடத்துக்கு வர வேண்டாம். உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள், வாக்கரை மட்டும் நடுப்பாதையிலிருந்து ஓரமாக நகர்த்திவிடுங்கள். நெற்றியிலும் இரண்டு உள்ளங்கையிலும் பூசுவேன், கைகளை விரித்து வைத்திருங்கள். நான் வருகிறேன். கொஞ்சம் நேரமாகும், அவசரம் உள்ளவர்கள் முன்னே போகலாம்.