காரணம் எழுதாத வரி

"அண்ணா, இது யாருக்காக ரெண்டு விநாடி காத்திருக்கு?"

கல்வராயன் மலையிலுள்ள கரியாலூரில் நண்பன் வீட்டுத் திண்ணையில் அவனுடைய தம்பி கேட்டது. என் கணினியை எடுத்துப் போகாததால் தம்பியின் மடிக்கணினியில் என் அமைப்புக் கோப்புகளை இறக்கியிருந்தேன். அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் அவன் அக்காவுக்குக் கிடைத்த பழைய பெட்டி அது. கேட்டவன் பதிலுக்குக் காத்திராமல் எழுந்து போய்விட்டான். கேள்வி மட்டும் என்னை விட்டபாடில்லை.

வீட்டில் ஒன்று, பையில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று என்று எனக்குக் கணினிகள் உண்டு. எதன்முன் உட்கார்ந்தாலும் விரல் தடுமாறக் கூடாது என்பதற்காகச் சில சிறு கோப்புகளை எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வைத்திருக்கிறேன். எழுத்தின் அளவு, கட்டளைகளுக்கு நான் வைத்த சுருக்கப் பெயர்கள், தமிழ்99 விசைப்பலகைக்கு மாற எந்த விசை என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். ஓரிடத்தில் மாற்றினால், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற மென்பொருள் வழியாக மற்ற இடங்களுக்கும் மாற்றம் போய்ச் சேரும். அந்தக் கோப்புகளில் ஒரு வரி, தமிழ் விசைப்பலகையைத் தொடங்குமுன் 2 விநாடி சும்மா இருக்கச் சொல்கிறது. பையன் பார்த்தது அதைத்தான்.

எந்த வரியை யார், எப்போது, என்ன குறிப்போடு சேர்த்தார் என்று கிட் சொல்லிவிடும். கேட்டேன். என் பெயர் வந்தது. சில ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நள்ளிரவு வந்தது. குறிப்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. வெறும் புள்ளி. குறிப்பு காலியாக இருந்தால் கிட் பதிவை ஏற்காது. அவசரக்காரர்கள் ஒரு புள்ளியைத் தட்டிவிட்டுப் போவார்கள்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் லினக்ஸ் வேலைக்காக எழுதத் தொடங்கியது கிட். ஒவ்வொரு பிரதியிலும் முழு வரலாறும் இருக்கும் என்பது அதன் பெருமை. கல்வராயன் மலையில் சிக்னல் ஓரிடத்தில் வரும், நாலடி தள்ளினால் போய்விடும். கிட்டுக்கு அது பொருட்டில்லை. மலைமேல் உட்கார்ந்து மாற்றங்களைப் பதிந்துகொண்டே போகலாம். கீழே இறங்கியபின் அனுப்பிக்கொள்ளலாம். அப்படி அந்தத் திண்ணைக்கு என் வரலாறு முழுதும் வந்திருந்தது, அந்த வரியை ஏன் எழுதினேன் என்பதைத் தவிர.

புள்ளி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இந்த வகைக் கோப்புகளின் பெயரே புள்ளியில்தான் தொடங்கும். அதனால் சாதாரணப் பட்டியலில் கண்ணில் படாது. டாட்ஃபைல் என்பார்கள். யூனிக்ஸ் குழுவில் பின்னர் சேர்ந்த ராப் பைக் 2012இல் இதைப் பற்றி எழுதியதை எப்போதோ படித்தேன். கோப்புறையைச் சுட்டும் ஒற்றைப் புள்ளியும் மேல் கோப்புறையைச் சுட்டும் இரட்டைப் புள்ளியும் பட்டியலில் தெரிய வேண்டாம் என்று நினைத்திருக்கிறார்கள். முழுப் பெயரைச் சரிபார்க்காமல், முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள். புள்ளியில் தொடங்கும் எல்லாமே மறைந்துபோயிற்று. யாரும் திட்டமிடாத ஒன்று உலகத்தின் வழக்கமாகிவிட்டது. அதை நம்பித்தான் நான் வீட்டையே கட்டி வைத்திருக்கிறேன்.

எங்கே போனாலும் ஒரே மாதிரி வைத்துக்கொள்வது எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. அப்பா பள்ளி ஆசிரியர். சங்கராபுரம், கச்சிராயபாளையம், சின்னசேலம் என்று மாற்றல் வந்தபடி இருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் அம்மா உப்பு ஜாடி, புளிப்பானை, மிளகாய்த்தூள் டப்பா எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்குவாள். தீப்பெட்டி அடுப்புக்கு இடப்பக்க மாடத்தில். கச்சிராயபாளையத்து வீட்டில் மாடம் இல்லை. ஆணி அடித்து ஒரு கொட்டாங்கச்சியைத் தொங்கவிட்டு அதில் தீப்பெட்டியைப் போட்டாள். அடுத்த வீட்டில் நல்ல மாடம் இருந்தது. அங்கேயும் கொட்டாங்கச்சியையே தொங்கவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "அங்கதானே கை போகுது" என்றாள்.

எல்லாக் கணினிக்கும் பொதுவான கோப்பு ஒன்று, அந்தந்தக் கணினிக்கு மட்டுமான கோப்பு ஒன்று என்று பிரித்து வைப்பது எங்கள் வட்டத்தில் நல்ல பழக்கம். எதை எதில் போடுவது என்பதில்தான் சிக்கல். அந்த 2 விநாடி, என் பழைய பெட்டி ஒன்றின் மந்தத்துக்காக வந்திருக்கலாம். அந்தப் பெட்டி கைமாறிப் போயிருக்கும். அதன் மந்தம் மட்டும் புதிய கணினிகளிலும் கூடவே ஓடுகிறது.

கரியாலூரில் அன்று மாலை பையனின் பாட்டி, "நாங்க காஞ்சிபுரத்துலேருந்து வந்தவங்க" என்றார். இந்த மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் காஞ்சிக் கதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூலிலும் இருக்கிறது: அண்ணன் தம்பி மூவர் வெவ்வேறு மலைகளுக்குப் போனார்கள் என்று. ஊரை விட்டு ஏன் கிளம்பினார்கள் என்று கேட்டேன். பாட்டி ஒரு காரணம் சொன்னார். பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர் அதை மறுத்து வேறொன்று சொன்னார். கிளம்பியது என்னவோ இருவருக்கும் உறுதி.

பையன் அவன் கணினியில் அந்த வரியை நீக்கிவிட்டான். தமிழ் உடனே வந்தது. ஊர் திரும்பி நானும் நீக்கிப் பார்த்தேன். பெரும்பாலும் வருகிறது. எப்போதாவது வருவதில்லை. வரி இல்லாததால்தான் வரவில்லையா, வேறு கோளாறா என்று பிரித்தறிய முடியவில்லை.

இப்போதெல்லாம் பதிவுகளில் காரணம் எழுதுகிறேன். கொஞ்ச நாள் கழித்துப் படித்தால், செய்ததற்குப் பிறகு கண்டுபிடித்துச் சொன்ன சமாதானம்போல் இருக்கிறது. அம்மாவின் பதிலைப் போலவேதான், ஆனால் அவ்வளவு நேர்மையாக இல்லை. காரணம் தெரியாத பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். தெரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டால் என்னிடம் என்ன மிஞ்சும் என்று கணக்கிடப் பயமாக இருக்கிறது. தற்போதைக்குக் கிட்டில் அந்த வரி இருக்கும் கிளை ஒன்று, இல்லாத கிளை ஒன்று என்று இரண்டையும் வைத்திருக்கிறேன். எதை எதோடு இணைப்பது என்று முடிவெடுக்கவில்லை. எடுப்பேனா என்றும் தெரியவில்லை.