மேம்பாலத்தில் நின்ற கார்கள்

2024 அக்டோபரில் சென்னைக்குக் கனமழை ரெட் அலர்ட் என்று செய்தி வந்ததுமே, வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமாகக் கார்கள் வரிசைகட்டி நின்றன. போலீஸ் அபராதம் போடுகிறது என்று ஒரு பேச்சு, இல்லவே இல்லை என்று ஒரு மறுப்பு, நடுவில் ஏகப்பட்ட மீம்ஸ். ரெட் அலர்ட் நாளில் மழையும் மிரட்டிய அளவுக்குப் பெய்யவில்லை. கேட்கவா வேண்டும், கிண்டல் இன்னும் கூடிற்று.

ஆனால் அந்தக் கார்காரர்களின் மூளை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

மூளைக்குள் ஓடுவது ஒரே கடிகாரம் இல்லை. சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை, அது இரண்டு காதுகளுக்கும் வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்தும் மூளை கண்டுபிடிக்கிறது. ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட இல்லாத வித்தியாசம் அது! வாக்கியம் புரியச் சில நொடிகள் வேண்டும். கதை புரிய நிமிடங்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் யூரி ஹாசன் குழுவினர் சுமார் ஏழு நிமிடக் கதை ஒன்றை எடுத்து, ஒரு தடவை சொற்களைக் கலைத்துப்போட்டார்கள், இன்னொரு தடவை வாக்கியங்களை, அப்புறம் பத்திகளை. கேட்டவர்களின் மூளையை ஸ்கேன் செய்தபடியே இதை ஒலிக்கவிட்டார்கள். ஒலியை முதலில் வாங்கும் பகுதி எதற்கும் அலட்டிக்கொள்ளவில்லை. எப்படிக் கலைத்தாலும் தன்பாட்டுக்கு இயங்கியது. மூளையின் மேல்நிலைப் பகுதிகள் சிலவோ, பத்தி பத்தியாக அர்த்தம் தொடர்ந்தால்தான் எல்லோரிடமும் ஒரே மாதிரி இயங்கின. 2011ல் வெளியான ஆய்வு இது. சில பகுதிகள் இந்த நொடிக்கு மட்டும் வேலை செய்கின்றன; சில, போன நிமிடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டுதான் இந்த நொடியைப் புரிந்துகொள்கின்றன.

வருடக்கணக்கு என்று வந்தால் அது நினைவின் இலாகா. மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி நடந்ததைப் பதிகிறது. கூடவே பயமும் சேர்ந்தால் அமிக்டலா என்ற பகுதி அந்தப் பதிவை அழுத்தமாக்கிவிடுகிறது. சென்னையின் 2015 டிசம்பர் வெள்ளத்தில் காரின் இன்ஜினுக்குள் தண்ணீர் போனதைப் பார்த்தவருக்கு, ஜன்னலில் விழும் தூறல் வெறும் தூறலாகக் கேட்காது. அதே தூறல் போன வருஷம் குடிவந்தவருக்கு பஜ்ஜி போடச் சொல்லும். காது இருவருக்கும் ஒன்றுதான். மீம் போட்டவர்களிடம் இல்லாதது அந்த ஒன்பது வருஷம்.

இந்தக் குறையை இன்னொருவர் நினைவைக் கடன்வாங்கிச் சரிக்கட்டலாம். வேளச்சேரியில் வீடு பார்க்கப் போவது பெரும்பாலும் ஏப்ரல், மே வெயிலில்தான். தெரு காய்ந்து கிடக்கும், தரகரும் நல்லதாகவே சொல்லுவார். தெருமுனை இஸ்திரிக்காரரிடமோ மளிகைக்கடை அண்ணாச்சியிடமோ, 2015ல் இங்கே தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.