பிறர் சொல்லைத் திருத்துதல்

பிறர் கூறும் பிழையான சொல் நம் செவியில் விழும்போது அதனைத் திருத்துவது கடமையா, வாளா இருப்பது அறமா என்று நம்மவர் பலர் வினவுகின்றனர். பஞ்சசீலத்துள் நான்காவது பொய் கூறாமை. தான் பொய் கூறாதிருப்பது இன்னதென்று எவர்க்கும் விளங்கும். அயலான் கூறிய பொய்யைக் கேட்டும் சும்மா இருந்தவன் அச்சீலத்தைக் காத்தவனா, இழந்தவனா? ஏட்டளவில் இதனை ஆராய்வதினும், நாம் வாழும் இவ்வெல்லைப்புறத்து வழக்கொன்றைக் கொண்டு ஆராய்வதே நலம் பயக்கும்.

முல்லைப் பெரியாற்று அணை இடுக்கி மாவட்டத்தில் நிற்கின்றது; அதனை இயக்குவது தமிழ்நாட்டரசு. 1886 அக்டோபர் 29 ஆம் நாள் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டு, 1895 இல் அணை திறக்கப்பட்டது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் எழுந்த அணை அது. மேற்கே ஓடவிருந்த நீர் மலையைக் குடைந்த வழியே கிழக்கிறங்கி, வைகையோடு கூடி, தேனி முதல் இராமநாதபுரம் வரை வயல்களை நனைக்கின்றது. 152 அடியாக இருந்த நீர்மட்டம் 1979 இல் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணை வலுப்படுத்தப்பட்ட பின், 2006 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்க இசைந்தது. கேரளச் சட்டமன்றம் சட்டமியற்றித் தடுத்தது. 2014 மே 7 அன்று அச்சட்டம் செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. இவையெல்லாம் முயன்றால் எவரும் பார்த்தறியக்கூடிய செய்திகளே.

குமுளித் தேநீர்க் கடையிலும் கம்பத்துத் தேநீர்க் கடையிலும் பேசப்படுவனவோ வேறு. அணை நாளையே உடையுமென்பர் அங்கே. அணையில் ஒரு குறையுமில்லை, கேரளத்தார் அச்சமெல்லாம் நாடகமென்பர் இங்கே. 2011 நவம்பர், டிசம்பர் மாதங்களில் இவ்விரு பேச்சும் முற்றின. இடுக்கியில் நில அதிர்ச்சிகள் உணரப்பட்டிருந்த நேரம் அது. அணை உடைவதாகக் காட்டிய திரைப்படமும் அவ்வேளையில் வெளிவந்தது. எல்லையில் ஊர்திகள் மறிக்கப்பட்டன; கடைகள் தாக்கப்பட்டன; ஏலத்தோட்டங்களில் கூலி வேலை செய்த தமிழர் பலர் அஞ்சி ஊர் திரும்பினர். பேசியவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. நாட்கூலி இழந்தவர்கள் அணையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதவர்கள்.

ஆதலின் இத்தகைய பிழையைக் கேட்டு வாளா இருத்தல் அறமாகாது. ஆயினும் எவர் பிழையை முதலில் திருத்துவது?

திருத்துவோர் வழக்கத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புலனாகும். நம்மவர் கேரளத்தார் பிழையை விரல் மடக்கி எண்ணுவர். அவரோ நம் பிழையை எண்ணுவர். பென்னிகுயிக் தம் சொத்தையும் மனைவியின் நகையையும் விற்று அணையை முடித்தார் என்பது தேனிப் பக்கத்தில் குழந்தையும் சொல்லும் கதை. அணை சென்னை மாகாண அரசின் பொதுப்பணி. கதை சொல்வோர் ஆவணமொன்றும் காட்டுவதில்லை. 2021 இல் மதுரையில் நூலகம் கட்டத் தேர்ந்த இடம் அப்பெரியார் வாழ்ந்த இல்லமென்று கிளர்ச்சி எழுந்தது. அவர் மறைந்தது 1911 மார்ச் 9. அக்கட்டடம் எழுந்ததோ 1912, 1913 ஆம் ஆண்டுகளில் என்று அரசு விளக்கவேண்டியதாயிற்று. கட்டிக்கொண்டிருந்த வேலையை வெள்ளம் அடித்துச் சென்ற பின்னும் விடாது நின்று முடித்தவர் அவர். அவர் பெருமைக்கு நகைக் கதை எதற்கு? இதனை அவர் பிறந்தநாளுக்குப் பொங்கலிடும் ஊரில் நின்று சொல்லிப் பாருங்கள். திருத்தத்தின் விலை அப்போது தெரியும்!

நம் பிழையை நாமே சொன்னால் எதிரிக்கு ஆயுதம் கொடுத்தவராவோமென்பர் சிலர். 2014 ஆம் ஆண்டுத் தீர்ப்பு நகைக் கதையின்மேல் நிற்கவில்லை. வல்லுநர் ஆய்ந்த அணையின் வலிமைமேல் நிற்கின்றது. பொய்த்தூணை எடுத்துவிட்டால் விழுகிற வழக்கானால் அது விழுவதே முறை. அன்றியும், கம்பத்தான் சொல்லும் திருத்தத்தைக் கம்பத்தான் ஒருவேளை கேட்பான். குமுளியான் சொன்னால் பகை என்றே கொள்வான். ஆகவே தன் பக்கத்தைத் திருத்தும் கடன் தன் பக்கத்தவனுக்கே முதலில் உரியது.

நூற்பாலையில் இழை அறுவது நாள்தோறும் நிகழ்வது. இழை சேர்ப்பவன் எந்திரம் முழுவதையும் நிறுத்துவதில்லை. அந்த ஒரு கதிரை மட்டும் நிறுத்தி, நுனியைத் தேடியெடுத்து, ஒட்டிவிட்டு நகர்வான். அயலானுடைய இழை அறுந்ததென்று மேஸ்திரியைக் கூவியழைப்பவனும் ஒவ்வோர் ஆலையிலும் ஒருவன் உண்டு. அவனால் ஓரிழையும் சேர்ந்ததை நாம் கண்டதில்லை.

பகவர் அபய இளவரசனுக்கு உரைத்தது இங்கு நினைக்கத்தக்கது. குழந்தை கல்லையோ குச்சியையோ வாயிற் போட்டுக்கொண்டால் என் செய்வாய் என்று பகவர் வினவ, குருதி வரினும் விரலைவிட்டு எடுப்பேன் என்றான் அவன். ஏனெனில் குழந்தையின்மேல் இரக்கம். மெய்யாயும் பயனுள்ளதாயும் இருக்கும் சொல்லையும் காலமறிந்தே கூறுவோமென்றார் பகவர். இரக்கம் இல்லாதவன் விரல் தொண்டையைக் கிழிக்குமேயன்றிக் கல்லை எடுக்காது.

இனி அரியது ஒன்றுண்டு. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் வாழ்பவன் ஆடிமழை இரவில் நீர்மட்டத்தைத் தவறாகச் சொல்கிறான். அவன் எண் பிழை. அவன் அச்சம் பிழையா? 1979 ஆகஸ்ட் 11 அன்று குசராத்தில் மச்சு அணை உடைந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இங்கே நம் பாலக்காட்டு எல்லையில், தமிழ்நாடு இயக்கும் பறம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளுள் ஒன்று 2022 செப்டம்பர் 21 ஆம் நாள் விடியுமுன் பெயர்ந்து, நீர் சாலக்குடி ஆற்றில் பாய்ந்தது. நம் அணைகளுக்கு ஒன்றும் நேராது என்போனும் திருத்தப்பட வேண்டியவனே. எண்ணைத் திருத்திவிட்டு அச்சத்தை எள்ளுவது பாதி மெய். பாதி மெய்யால் எவரும் உறங்கப் போவதில்லை.

மணிமேகலை சேரர் வஞ்சியில் சமயவாதியர் பலரைக் கேட்டாள். ஏறக்குறைய எல்லோரையும் கேட்டுக்கொண்டே சென்றவள், இறுதியில் பூதவாதிக்குத்தான் மறுமொழி தந்தாள். பிக்குகளோ மழைக்காலத் தங்கலின் முடிவில், கண்டதும் கேட்டதும் ஐயுற்றதுமாகிய தம் குறைகளைச் சொல்லுமாறு சங்கத்தைத் தாமே வேண்டிக்கொள்வர். தேநீர்க் கடையில் எவரும் நம்மை அவ்வாறு வேண்டுவதில்லை. எனவே இசைவை நாம்தாம் கேட்டுப் பெறவேண்டும். "சேட்டா, வீடு ஆற்றங்கரையிலோ?" என்று முதலில் வினவுக. அவன் சொல்வதை முற்றக் கேட்டபின், படித்தறிந்த எண்ணைச் சொல்லலாம். அணையின் உயரத்தில் ஓரடி கூட்டிச் சொன்ன கிழவரை விட்டுவிடலாம். எவர் கூலியும் அதனால் போகாது.

ஏற்காவிடின் எத்தனை முறை சொல்வது? சங்கத்தைப் பிளக்க முயலும் பிக்குவுக்கு மும்முறை வரை எடுத்துரைக்க விநயம் இடந்தருகின்றது. கடையில் ஒரு முறை போதும். அதற்குள் குமுளிப் பேருந்தும் வந்துவிடும்.