குப்பையும் வாக்குரிமையும்

கண்டி நகரை மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலுமாக வளைத்துவரும் மகாவலி கங்கை, பல்லேகலையை அண்டி விக்டோரியா நீர்த்தேக்கத்துள் அடங்குகிறது. அவ்வளைவின் மேற்பகுதியில், கட்டுகஸ்தோட்டைக்கு அருகே, கொஹாகொட என்னும் இடத்தில் ஆற்றங்கரையிலேயே பல பதிற்றாண்டுகளாக மாநகரத்தின் குப்பை கொட்டப்பட்டு வந்துள்ளது. மழை பெய்தால் அம்மேட்டில் ஊறும் கரிய நீர் ஆற்றை நோக்கி இறங்குகிறது. குப்பைக்கு இடம் குறிக்கும் மாநகர சபையை நகரத்தார் தேர்ந்தெடுக்கிறார்கள். கீழே ஆற்றோரம் வாழும் பல்லேகல மக்களின் வாக்கோ குண்டசாலைப் பிரதேச சபைக்குரியது. பொல்கொல்லவில் 1976 முதல் ஆற்றின் ஒரு பங்கு வடக்கே உலர்வலயத்துக்குத் திருப்பப்படுகிறது. அங்குள்ள உழவனை எந்தச் சபை கேட்கும்?

ஒரு முடிவின் சுமையைத் தாங்குபவன் அம்முடிவைச் செய்வோருள் ஒருவனாயிருக்க வேண்டாமா? நாம் எழுப்பும் வினா இதுவே. "பொதுமக்களிடமும் கைத்தொழிலாளரிடமும் கருத்துக் கேட்கிறோமே" என்பது அதிகாரிகள் வழக்கமாகத் தரும் விடை. அது முற்றிலும் பொய்யன்று. 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம் 1988 இல் திருத்தப்பட்டபின், நாளொன்றுக்கு 100 தொன்னுக்கு மேற்பட்ட கழிவை ஏற்கும் புதிய நிலையம் அமைப்பதற்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும். மக்கள் கருத்துக் கூற 30 நாட்கள் உண்டு. இதனை நாம் இகழ மாட்டோம். ஆயின் கேட்டல் வேறு, இணங்குதல் வேறு. கேட்டவர் செவிசாய்க்காது போனால் என்ன என்பது ஒருபுறமிருக்க, கேட்கப்படுபவர் யார் என்பதையே முதலில் பார்ப்போம்.

கண்டி நகரின் குப்பையை அள்ளியவர் யார்? மஹியாவக் குடியிருப்பைக் கேட்டால் விடை கிடைக்கும். ஆங்கிலேயர் காலத்தில் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட நகரசுத்தித் தொழிலாளரின் சந்ததியினர் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து வருகின்றனர். சேகரிக்கப்பட்ட குப்பை சபையின் உடைமை என்று 1947 ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அடுத்த ஆண்டு வந்த பிரஜாவுரிமைச் சட்டமோ இந்திய வம்சாவளித் தமிழருட் பெருந்தொகையினரை எந்நாட்டுக்கும் உரியவரல்லாதார் ஆக்கிற்று. குப்பைக்கு உடையவன் இருந்தான்; அதைச் சுமந்தவனுக்கு நாடில்லை! 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. நாடற்ற நிலை ஒழிய 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எந்த வீதியில் என்ன எறியப்படுகிறது, எது மக்கும், எது மக்காது, எந்த வீட்டார் பிரித்துத் தருகிறார்கள் என்பதெல்லாம் அவர்களினும் நன்கறிந்தோர் யாருமிலர். நிபுணர் குழு என்றவுடன் பொறியியலாளரை நினைக்கும் நம் மனம் இவர்களை நினைப்பதில்லை. ஆசிரியர்களாகிய நாமும் இதில் குற்றமற்றவர்களல்லோம். பிள்ளை படிக்காவிட்டால் குப்பை அள்ளத்தான் போவான் என்று எத்தனை வகுப்பறைகளில் சொல்லியிருக்கிறோம்!

இனிக் கைத்தொழில். பல்லேகலையில் முதலீட்டுச் சபையின் கைத்தொழிற் பேட்டை உண்டு. கைத்தொழிலின் கருத்து என்றால் அங்கே யாருடைய கருத்து? ஆலையின் முகாமையாளர் கூட்டத்துக்கு வருவார். ஆணையிட்டு அனுப்பவும் அவருக்கு ஆளுண்டு. வெட்டுத்துண்டுகளைக் கூட்டிக் குவிக்கும் பெண்ணோ ஆலைக்குள் 'கைத்தொழில்' ஆகமாட்டாள். வெளியூரிலிருந்து வந்து வாடகை அறையில் தங்கியிருப்பவளாயின், வாக்காளர் இடாப்பில் அவள் பெயர் பிறந்த ஊரிலேயே இருக்கும். ஆகவே இங்கே 'பொதுமக்கள்' என்ற கணக்கிலும் சேரமாட்டாள்.

இரு தரப்பாருக்கும் ஒரே அளவுகோல் இல்லை என்பதை 2017 ஆம் ஆண்டு காட்டிற்று. கொழும்புக்கருகே மீதொட்டமுல்ல மக்கள் தம் தலைமேல் வளரும் மலையைப் பற்றிப் பல்லாண்டு போராடியிருந்தனர். சித்திரைப் புத்தாண்டு நாளான ஏப்ரல் 14 அன்று அது சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. சில நாட்களுக்குள், குப்பை அகற்றலை அத்தியாவசிய சேவையாக்கும் வர்த்தமானி அறிவித்தல் வந்தது. அதற்குத் தடைசெய்தல் தண்டனைக்குரியதாயிற்று. அவ்வாண்டே செப்டெம்பரில் உணவு சுற்றும் பொலித்தீன் தாள் முதலியன தடைசெய்யப்பட்டன. உற்பத்தியாளர் அவகாசம் கேட்டனர், அவகாசம் கிடைத்தது. தடுப்பவன் குற்றவாளி, தயாரிப்பவன் கலந்தாலோசிக்கத்தக்கவன்!

"ஒவ்வோர் ஊரும் வேண்டாமென்றால் குப்பை எங்கேதான் போகும்?" என்று நண்பர் கேட்பார். நியாயமான கேள்வி, இதைத் தட்டிக்கழிப்பது முற்போக்காகாது. எல்லாக் குப்பையையும் வேறோர் ஊரானின் வாசலுக்குத் தள்ளும் போராட்டத்தை நாமும் ஆதரிக்கவில்லை. 'எங்கே கொட்டுவது' என்பது கடைசி வினா. 'யார் ஆக்குவது, எவ்வளவு ஆக்குவது' என்பது முதல் வினா. மக்களிடம் கடைசி வினாவை மட்டும் நீட்டி, அவர்கள் மறுத்தவுடன் சுயநலக்காரர் என்பது எந்த அறம்? முதல் வினா எழும் அறைக்குள் அவர்களை யாரும் அழைத்ததில்லையே.

அழைப்பதும் அரிய காரியமன்று. கூட்டத்தைப் போயா நாளில், ஆலை வேலை முடிந்தபின் வைக்கலாம். அறிக்கையின் சாரத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் வாடகை அறைகளின் சுவர்களிலேயே ஒட்டலாம். ஆற்றின் கீழ்ப்புறத்துச் சபைகளுக்கும் அங்கே வாக்கு வேண்டும். வந்த ஆட்சேபங்கள் ஒவ்வொன்றுக்கும் என்ன மறுமொழி சொல்லப்பட்டது என்பதை எழுத்தில் வெளியிட வேண்டும். முதலில் பேசுவதற்கு மஹியாவவிலிருந்து ஒருவரை அழைக்கட்டும். முகாமையாளர் சற்றுக் காத்திருக்கலாம்.