சும்மா நிற்கும் வித்தை

மிக மெதுவாக ஓடுகிறவருக்கு முழு மதிப்பெண். மிக வேகமாக நடக்கிறவருக்கும் முழு மதிப்பெண். டிரெக் என்ற குதிரையேற்றப் போட்டியில் இப்படி ஒரு சுற்று இருக்கிறது. புல்வெளியில் இரண்டு மீட்டர் அகலத்துக்கு, 150 மீட்டர் நீளம் வரை, ஒரு பாதை. போகும்போது கேண்டர் என்கிற தாவோட்டம். அதிலிருந்து இறங்கிவிடாமல், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகப் போக வேண்டும். திரும்பும்போது நடை. ஓட்டமாக மாறிவிடாமல், எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 30 மதிப்பெண். ஓடத் தொடங்கினால் பாய்வதும், நடக்கச் சொன்னால் சோம்புவதும் குதிரையின் சுபாவம். இந்தப் போட்டி இரண்டு சுபாவத்திலும் கை வைக்கிறது.

*

1970களில் பிரான்சில் பிறந்த விளையாட்டு இது. பயணிகளைக் குதிரையில் காடு மலை என்று கூட்டிப்போகும் வழிகாட்டிகளைச் சோதிப்பதற்காக ஏற்பட்டது. அந்த வேலைக்குப் பந்தயக் குதிரை உதவாது. மரப்பாலத்தில் மிரளக் கூடாது. மேலே இருக்கிறவர் வேலிக்கதவைத் திறந்து மூடும்வரை பொறுக்க வேண்டும். இறங்கி ஒதுங்கினால் விட்டுவிட்டு ஓடக் கூடாது. முழுப் போட்டியின் 460 மதிப்பெண்ணில் 240 வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிப்பதற்கே போய்விடுகிறது. தடைகள் பதினாறு, தலைக்குப் பத்து.

இங்கிலாந்தில் புதிதாக வரும் குழந்தைகளுக்கு வரைபடத்தை விட்டுவிடுகிறார்கள். ஒரு மைதானம், சில தடைகள், ஒரு குழந்தை, ஒரு மட்டக்குதிரை. தோள்மேடு வரை 148 சென்டிமீட்டருக்குள் இருந்தால் மட்டக்குதிரை என்பது சர்வதேசக் கணக்கு. பிள்ளைகள் ஏறுவது பெரும்பாலும் அதைவிட நன்றாகக் குள்ளமானவை. கொடைக்கானல் ஏரிக்கரையில் நாம் பார்க்கும் சவாரியில் கயிற்றைப் பிடித்தபடி ஆள் கூடவே வருவார். எங்கே திரும்புவது, எப்போது நிற்பது எல்லாம் அவர் பாடு. இங்கே அந்த ஆள் வேலிக்கு வெளியே போய்விடுகிறார்.

*

தடைகளில் ஒன்று பாலம். பெயர்தான் அப்படி. தரையோடு தரையாகக் கிடக்கும் பலகைகள். எட்டு ஒன்பது வயதுச் சிறுமி. கண்ணை மறைக்கும் பிடரிமயிரோடு பழுப்பு நிறக் குதிரை. பலகைக்கு ஓரடி முன்னால் அது நின்றது. தலையைத் தாழ்த்தியது. அவள் வாரை இழுத்துத் தலையைத் தூக்கினாள். அது மறுபடி தாழ்த்தியது, அவள் மறுபடி தூக்கினாள். அடம் பிடிக்கிறது என்று அவள் நினைத்திருப்பாள். பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில். கிட்டத்தட்ட 350 பாகை, சுற்றிலும் தெரியும். தெரியாதது முதுகுக்கு நேர் பின்னால் கொஞ்சம், நெற்றிக்கு நேர் எதிரே மூக்கடியில் கொஞ்சம். காலடியில் கிடப்பதைப் பார்க்க அதற்குத் தலையைத் தாழ்த்தியே ஆக வேண்டும். தூக்கிப் பிடித்தால் குருட்டுத்தனமாகத்தான் கால் வைக்கும்.

"விடும்மா, அது பார்க்கட்டும்" என்றார் வேலியோரம் நின்ற பயிற்சியாளர். வார் தளர்ந்தது. குதிரை பலகையை முகர்ந்தது. ஒரு முன்னங்காலை வைத்தது. டக் என்ற சத்தம் அதற்கே பிடிக்கவில்லை, காலை எடுத்துக்கொண்டது. மீண்டும் வைத்தது. பிறகு நான்கு குளம்பும் தடதடவென்று பலகையைக் கடந்தன. சிறுமி மூச்சு விட்டது இங்கே கேட்டது.

*

குதிரைத் தடைப் பந்தயங்களில் தடைக் கம்பங்களுக்கு ஆரஞ்சு வர்ணம் அடிப்பது பழைய வழக்கம். மனிதக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். குதிரை உலகத்தை நீலமும் மஞ்சளுமாகப் பார்க்கிறது. ஆரஞ்சும் புல்லின் பச்சையும் அதற்கு ஏறக்குறைய ஒன்று. எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் இதை ஆராய்ந்து சொன்ன பிறகு, 2022 முதல் பிரிட்டனின் தடைப் பந்தயத் திடல்களில் ஆரஞ்சை எடுத்து வெள்ளை அடிக்கத் தொடங்கினார்கள். தாண்ட வேண்டியது குதிரை. வர்ணம் இத்தனை காலமாக நமக்காக இருந்திருக்கிறது.

*

சுவீடனில் லிண்டா கீலிங்கும் அவரோடு சேர்ந்தவர்களும் 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் குதிரையை நடத்திப் போக வேண்டும். சிலர் ஏறிப் போனார்கள். நான்காவது தடவைக்கு முன் மனிதர்களிடம் மட்டும் ஒரு செய்தி சொல்லப்பட்டது: இந்த முறை குதிரை போகும்போது ஒரு குடை விரிக்கப்படும். குடை விரிக்கப்படவே இல்லை. ஆனாலும் மனிதரின் இதயத் துடிப்பு ஏறியது. குடையைப் பற்றி ஏதும் அறியாத குதிரையின் துடிப்பும் ஏறியது.

பயப்படாதே என்று பிள்ளையிடம் சொல்வதில் எந்தப் பயனும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பயம் வரும்போது தொடை இறுகுகிறது, கை குறுகுகிறது, மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நின்றுவிடுகிறது. சேணத்துக்குக் கீழே இருப்பது அத்தனையையும் படித்துவிடுகிறது. "பாட்டுப் பாடு" என்று சொல்லும் பயிற்சியாளர்கள் விவரமானவர்கள். பாடுகிறவள் மூச்சை விட்டே ஆக வேண்டும்.

குதிரை ஒரு பொருளைக் கண்டு மிரண்டால் அடிக்காதே, நீயே அதைத் தொட்டுக் காட்டு, மெல்லக் கிட்டே கூட்டிப் போ என்று கிரேக்கத்து செனபோன் தன் குதிரையேற்ற நூலில் அறிவுரை தருகிறார். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டுப் புத்தகம். போருக்குப் போன மனிதர் எழுதியது என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

*

எனக்குப் பிடித்த தடை, வெறும் வட்டம். தரையில் ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். குதிரையை உள்ளே நிறுத்தி, இறங்கி, வெளியே வந்து நிற்க வேண்டும். பத்து விநாடி அது வட்டத்துக்குள் நின்றால் முழு மதிப்பெண். முன்னதாக வெளியே வந்தால் நின்ற நேரத்துக்கு ஏற்றபடி. வேறொன்றும் இல்லை.

பார்க்க வந்தவர்கள் இங்கே நிற்பதில்லை. தாண்டுகிற இடத்தில்தான் கூட்டம், கைபேசிகளும் அங்கேதான். எதுவும் நடக்காததை யார் படம் பிடிப்பார்கள்?

சிறுமி இறங்கினாள். வெளியே வந்து திரும்பினாள். முதல் மூன்று விநாடி குதிரை சிலையாக நின்றது. பிறகு காதுகள் தனித்தனியாகத் திரும்பத் தொடங்கின, ஒன்று அவள் பக்கம், ஒன்று தூரத்து டிராக்டர் பக்கம். அவள் கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, உதடு அசைய எண்ணினாள். வேலியோரம் அவள் அம்மாவும் எண்ணினார். இருவர் எண்ணிக்கையும் ஒரே வேகத்தில் இல்லை. ஏழாவது விநாடியிலோ எட்டிலோ வட்டத்துக்கு வெளியே ஒரு கொத்துப் புல் குதிரையின் கண்ணில் பட்டது. அவ்வளவுதான். ஒரு அடி, வாய் நிறையப் புல். நடுவர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார்.

அம்மாக்கள் அப்பாக்களுக்கு இந்த வட்டம் ஒன்று போட்டால் நல்லது. பலர் இரண்டு விநாடிகூட நிற்க மாட்டார்கள்.

*

பிள்ளைகளுக்கும் மட்டக்குதிரைகளுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1842இல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. பெண்களும் பத்து வயது நிரம்பாத சிறுவர்களும் நிலத்தடிச் சுரங்கத்தில் வேலை செய்யக் கூடாது. அதன் பிறகு அந்தக் குறுகல் வழிகளில் நிலக்கரி வண்டி இழுக்க ஷெட்லாந்து தீவுகளின் மட்டக்குதிரைகளுக்குக் கிராக்கி ஏறியது. 107 சென்டிமீட்டருக்கு மேல் போகாத இனம். உருவத்துக்குப் பொருந்தாத பலம். பிள்ளைகள் வெளியேறிய இருட்டுக்குள் அவை போயின. அவற்றைப் பிடித்து நடத்தியவர்களும் பல இடங்களில் சட்டத்தின் வயதை அப்போதுதான் தாண்டிய பையன்கள்.

இன்று அதே இனத்தின் முதுகில் ஐந்து வயதுப் பிள்ளை, கொடியில் ஒரு சட்டையைக் காயப்போடும் தடையைச் செய்கிறது. சட்டை காற்றில் ஆடுகிறது. குதிரை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

*

தாண்டல் போட்டிகளில் குதிரை திரும்பத் திரும்ப மறுத்தால் வெளியேற்றிவிடுவார்கள். மணி அடிக்கும், எல்லோரும் பார்க்க, பிள்ளை தலை குனிந்து வெளியே வர வேண்டும். டிரெக்கில் ஒரு தடையை வேண்டாம் என்று விட்டுவிடலாம். அதற்குப் பூஜ்யம், ஆட்டம் தொடரும். இந்த விளையாட்டின் விதிகளில் மிகவும் யோசித்து வைத்தது இதுதான் என்பேன். இன்றைக்கு இது நமக்கு ஆகாது என்று எடைபோட்டு விலகத் தெரிந்தவரைத்தான் மலைப்பாதையில் நம்பி ஏற முடியும். வழிகாட்டிகளுக்கான சோதனையாகத் தொடங்கியதன் சுவடு அதில் இருக்கிறது.

சிறுமிக்கு அடுத்தது தண்ணீர். முழங்கால் அளவுகூட இல்லை. ஆனால் கலங்கல், அடி தெரியவில்லை. குதிரை கரையில் நின்று மூக்கால் ஊதியது. அவள் இந்த முறை வாரை இழுக்கவில்லை, பார்க்க விட்டாள். அது பார்த்தது. ஓரடி பின்வாங்கியது. இன்னொரு முறை கொண்டுபோய் நிறுத்தினாள். கழுத்தில் தட்டிக் கொடுத்தாள். பிறகு நடுவரைப் பார்த்துத் தலையசைத்தாள், வேண்டாம் என்று. நடுவர் பூஜ்யம் போட்டு, நன்றி சொன்னார். வேலியோரம் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் திருப்பிவிட்டிருந்தாள்.

அடுத்தது கதவு. திறந்து, கடந்து, மூடும்வரை கை கதவை விட்டு எடுபடக் கூடாது. எடுத்தால் மதிப்பெண் குறையும். அதில் அவளுக்கு எட்டு கிடைத்தது.